மறுபூஜைக்குக் காத்திருந்த கணினிகள்

கணினியைப் பற்றி நான் முறையாக எதுவும் படித்தவனில்லை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு நடுவிலேயே நின்றுவிட்டேன். அதன் பிறகு திருப்பூரில் கட்டிங் மேசையில் துணி விரித்தேன். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வாசலில் லாரிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தேன். சென்னையில் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறைக்குக் காவலாக இருந்தேன். அங்கே வேலைக்கு வருபவர்கள் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்ததுதான் என் படிப்பு. முதலில் அவர்கள் தட்டியதை மனப்பாடம் செய்தேன். எதைத் தட்டினால் என்ன நடக்கும் என்பது பிறகு பிடிபட்டது. ஏன் நடக்கிறது என்பது பல இடங்களில் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

எந்த ஊரிலும் நான் நிலைத்ததில்லை. சம்பளம் குறைவு என்றோ மேஸ்திரி திட்டினார் என்றோ காரணம் சொல்ல முடியாது. ஒரு நாள் காலையில் எழுந்ததும் அந்த ஊர் முடிந்துபோனதாகத் தோன்றும். பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவேன். பெரம்பலூருக்கும் அப்படித்தான் வந்தேன். என் சொந்த ஊர் பக்கத்தில்தான், அரும்பாவூரை ஒட்டி. ஆனால் ஊருக்குப் போகவில்லை. அம்மா இறந்த பிறகு அங்கே எனக்கென்று ஒரு கதவு இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை பிடித்தேன். கீழே வாழைத்தாரைப் புகை போட்டுப் பழுக்கவைக்கும் கிடங்கு. வெயில் ஏற ஏற அந்தப் புகைச்சல் மேலே வந்து துணிகளில் தங்கிவிடும்.

நெடுஞ்சாலை ஓரமாக இருந்த ஒரு கல்லூரியில் கணினி லேப்களைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். விடுமுறை தொடங்கியதும் லேப்களில் உள்ள எல்லாக் கணினிகளையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். ஒவ்வொன்றாகச் செய்தால் விடுமுறையே போதாது. அதனால் ஒரு கணினியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் நிறுவ ஒரு ஸ்கிரிப்ட் இருக்கும். கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு அது. அதை ஓடவிட்டால் கணினி தன்னைத் தானே தயார் செய்துகொள்ளும். அப்படித் தயாரானதை முழுதாகப் படியெடுத்து, லேபில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் வலையமைப்பு வழியாக ஒரே நேரத்தில் அனுப்புவோம். அந்தப் படிக்கு இமேஜ் என்று பெயர்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. திருப்பூரில் துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத் தாளை வைத்து, ஒரே வெட்டில் நூறு சட்டைக்கு வெட்டுவார்கள். தாளில் பிழை இருந்தால் நூறும் பிழை. வெட்டு பாதியில் நின்றால் ஒன்றும் சட்டையாகாது.

உடையார்பாளையத்து அக்கா என்னைத் தேடிப் பிடித்தது அந்தக் கல்லூரியின் லேப் உதவியாளர் மூலமாக. போனில் முதலில் என்னை "சார்" என்றார். நான் "மேடம்" என்றேன். இரண்டாவது முறை பேசும்போது நான் அவரை அக்கா ஆக்கிவிட்டேன், அவர் என்னைத் தம்பி ஆக்கிவிட்டார்.

அவர் உடையார்பாளையத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையம் வைத்திருந்தார். டைப்பிங், டேலி, விடுமுறைக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படைப் பாடம். கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, யாரும் டைப்பிங் கற்றுக்கொள்ள வருவதில்லை என்றார். இப்போது ஆன்லைன் தேர்வுகள் நடத்தும் சென்னை ஏஜென்சி ஒன்று ஊர்ப் பக்கங்களில் தேர்வு மையங்களைத் தேடிக்கொண்டிருந்தது. முப்பது கணினிகள் ஒரே மாதிரி, அவர்களுடைய தேர்வு மென்பொருளோடு தயாராக இருக்க வேண்டும். ஆட்கள் வந்து சோதித்துப் பார்ப்பார்கள். தேறினால் மையம்.

"எங்கிட்ட சரியா முப்பதுதான் இருக்கு தம்பி. ஒண்ணு கூட உபரி இல்ல. பண்ணித் தருவீங்களா?"

பண்ணலாம் என்றேன். வேறு வேலை இல்லாத நாள்கள் அவை.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து ஜெயங்கொண்டம் போகும் இன்னொன்றில் ஏறி உடையார்பாளையத்தில் இறங்க வேண்டும். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். அரியலூரைத் தாண்டும்வரை சாலையோர மரங்களின் இலைகளுக்குச் சொந்த நிறம் கிடையாது. ஜன்னல் கண்ணாடியை மூடினால் புழுக்கம், திறந்தால் வாயெல்லாம் மண். முந்திரிக்காடுகள் தொடங்கும் இடத்தில்தான் பச்சை என்று ஒன்று கண்ணில் படும்.

மையம் கடைத்தெருவை ஒட்டிய ஒரு நீளமான அறை. ஷட்டர் போட்டது. முன்னொரு காலத்தில் அவர் அப்பா அங்கே உரக்கடை வைத்திருந்தாராம். மழை ஈரம் பட்டால் சுவரிலிருந்து யூரியா வாசனை வரும். கணினிகள் சென்னையில் ஏதோ கம்பெனி கழித்துப் போட்டவை. ஆனால் ஒவ்வொன்றும் துடைத்து, துணி மூடி, மேசைக்கு அடியில் ஒயர்கள் முடிச்சில்லாமல் கட்டப்பட்டிருந்தன. மேசைகள் தரையோடு ஸ்குரு வைத்து முடுக்கியவை. எல்லாம் அவர் கையால் செய்தது.

முதல் நாளே அவர் தன் நிலையைச் சொல்லிவிட்டார். மறைத்துப் பேசுகிறவரல்ல. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் திரும்பி வந்தவர். ஏன் வந்தார் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அப்பா இருந்தபோது, இந்த அறை உனக்கு என்று வாயால் சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. அப்பா போன பிறகு எல்லாம் அண்ணன் பெயரில். அண்ணனுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை இருக்கிறது. தீபாவளிக்குப் பலகாரக் கடைகளுக்குப் பருப்பு அனுப்ப வேண்டும். மூட்டை அடுக்க இடமில்லை.

"அண்ணன் கெட்டவரு இல்ல தம்பி. இது ஓடுனா நீ வெச்சுக்க, ஓடலைன்னா எனக்குக் குடுத்துடுன்னு சொல்லிட்டாரு. அதுல என்ன தப்பு இருக்கு? நான்தான் மையம் வந்துடும்னு சொல்லி ரெண்டு தடவ தவணை கேட்டுட்டேன். இதான் கடைசி."

"அறை போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"ஆலைல கணக்கு எழுதலாம்னாரு. அண்ணி ஏற்கெனவே எழுதுது. அப்புறம் எனக்கு அங்க என்ன வேல? பருப்புத் தோலு உரிக்கிற எடத்துல போய் உக்காரணும்."

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து போய் ஒரு கணினியின் மீதிருந்த துணியை மடித்து வைத்தார்.

அண்ணன் அன்று மாலை வந்தார். வேட்டி, கையில் பைக் சாவி. கைவிரல்களில் முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் பட்ட கறுப்புத் திட்டுகள். என்னைப் பார்த்து, "நீங்கதான் கம்ப்யூட்டரு பாக்க வந்தவரா? எந்த ஊருப்பா?" என்றார்.

"அரும்பாவூர்ப் பக்கங்க."

"அரும்பாவூர்ல எங்க?"

"ஏரிக்கரைக்கு அந்தாண்டங்க. கடைசித் தெரு."

"ம்," என்றார். கோபமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்ட 'ம்'. அதற்கு மேல் என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. எதிர்க் கடையிலிருந்து தேநீர் வந்தபோது அவர்களுக்கு எவர்சில்வர் டம்ளர், எனக்குக் காகிதக் கோப்பை. அண்ணன் இல்லாத வேளைகளில் அக்கா எனக்கும் டம்ளரிலேயே ஊற்றிக் கொடுத்தார். இரண்டிலும் தேநீர் ஒன்றுதான். எனக்குப் பழக்கம். ஆனால் அக்கா காகிதக் கோப்பையை நீட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்திருந்தேன்.

அண்ணன் தங்கையைக் கேலி செய்வார். "என் மெஷினு ஒரு நாளைக்கு எத்தன மூட்ட முந்திரி ஒடைக்குது. உன் மெஷினு என்னத்தம்மா ஒடைக்குது?"

"உன் மண்டையத்தான் ஒடைக்குதேண்ணே, தெனம் வந்து நிக்கிற."

அவர் சிரிப்பார். பாசம் இல்லாமல் இல்லை. சிரித்துவிட்டு, சுவரிலிருந்து சுவர்வரை அறையைக் கண்ணால் அளப்பார்.

வேலை முதலில் எனக்கு எளிதாகவே இருந்தது. முன்வரிசையில் ஒரு கணினியைத் தாய்க் கணினியாக வைத்துக்கொண்டேன். ஸ்கிரிப்ட் எழுதினேன். தேவையில்லாத நிரல்களை எடுக்க ஒரு பகுதி, தானாக அப்டேட் ஆவதை நிறுத்த ஒரு பகுதி, ஒவ்வொரு கணினிக்கும் இருக்கை எண்ணைப் பெயராக வைக்க ஒரு பகுதி. ஓடவிட்டேன், பாதியில் நின்றது. திருத்தினேன், வேறிடத்தில் நின்றது. கட்டளை வரிசையில் ஒன்றை முன்னால் போட்டால் சரியாகும், ஆனால் அதை நம்பிய இன்னொன்று கவிழும். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். "இப்ப என்ன சொல்லுது?" என்று கேட்பார். "முடியாதுன்னு சொல்லுதுக்கா." "ஏன் முடியாதாம்?" "அத சொல்ல மாட்டேங்குது." "எங்க வூட்டு ஆளுங்க மாதிரிதான்," என்பார்.

தேர்வு மென்பொருள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. ஏஜென்சிக்காரர்கள் இன்று அனுப்புகிறோம், நாளை அனுப்புகிறோம் என்று இழுத்து, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்தான் அனுப்பினார்கள். கூடவே ஒரு தகவலும். விஜயதசமி அன்று மதியத்துக்கு மேல் சோதனைக்கு வருவார்கள். விடுமுறை நாளில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள், கணினிகளை நிம்மதியாகப் பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அன்றே திருச்சிப் பக்கம் இன்னொரு மையத்தையும் பார்த்துவிட்டுப் போக வேண்டுமாம்.

ஆயுத பூஜை அன்று முற்பகலில் தாய்க் கணினி முழுதாகத் தயாரானது. முப்பதுக்கு வெளியே சர்வருக்கென்று நான் கொண்டுவந்திருந்த பழைய கணினியில் அதைப் படியெடுத்து முடிக்க மதியமாகிவிட்டது. பிறகு தாய்க் கணினியையும் சேர்த்து முப்பதுக்கும் அனுப்பத் தொடங்கினேன். இந்த முறையில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போவதால், வரிசையில் மெதுவான கணினி எதுவோ அதன் வேகத்தில்தான் மற்றவையும் வாங்கும். கடைசி வரிசையில் இரண்டின் ஹார்ட் டிஸ்க் கிழடு. அவற்றை விட்டுவிட்டு அனுப்பினால் மற்றவை விரைவாக முடிந்துவிடும். ஆனால் விட்டால் முப்பது இல்லை. எப்படியும் இரவுக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, ஓடட்டும் என்று விட்டேன். எத்தனை சதவீதம் ஏறியது என்று ஒவ்வொரு திரையிலும் எண் ஓடிக்கொண்டிருந்தது.

அந்நேரம் அண்ணன் வந்து ஷட்டருக்கு மேலே மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். வாசலின் இரு பக்கமும் வாழைக்கன்று. அக்கா ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு, விசைப்பலகை, மவுஸ், திரை, பிரிண்டர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளுக்குப் பொட்டு வைக்கும்போது கையை மெதுவாக வைத்தார், தூங்கும் ஆளைத் தொடுவதுபோல.

"இருந்து பூஜைய பாத்துட்டுப் போங்க தம்பி. பொரிகடல இருக்கு."

அண்ணன் தோரணத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பஸ் போயிடுங்கக்கா," என்றேன். அடுத்த பேருந்தும் இருந்தது, அதற்கு அடுத்ததும் இருந்தது. ஆனால் பிறர் வீட்டுப் பூஜைகளில் எப்போது பேருந்து போய்விடும் என்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். கிளம்பும்போது, "யாரும் எதையும் தொட வேணாம்கா. முடிஞ்சதும் அதுங்களே தானா ஆஃப் ஆயிக்கும். அதுவரைக்கும் வுட்டுடுங்க," என்றேன். அக்கா தலையாட்டினார்.

மறுநாள் காலை முதல் பேருந்தில் கிளம்பி அங்கே போனபோது ஷட்டர் பூட்டியிருந்தது. அக்கா வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து ஈரம் காயாத கூந்தலை முடிந்திருந்தார். வாசலில் முந்தின நாள் உடைத்த பூசணிக்காயின் சிவப்பு காயாமல் கிடந்தது.

"சாவி அண்ணங்கிட்ட இருக்கு. மறுபூஜை போட்டுட்டுத்தான் தொறக்கணுமாம். ஆலைல முடிச்சுட்டு வரேன்னாரு."

"உள்ள எல்லாம் முடிஞ்சுதாக்கா? தானா ஆஃப் ஆச்சா?"

"நான்தான் ஆஃப் பண்ணேன்," என்றார் இயல்பாக. "நூறு வந்துடுச்சு. எல்லாத்துலயும் நூறு காட்டுச்சு. அண்ணனும் ஓடுற மெஷினுக்குக் கற்பூரம் காட்டக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நான் நூறு வரட்டும்ணே, நூறு வரட்டும்ணேன்னு பிடிச்சு நிறுத்தி வெச்சிருந்தேன். வந்ததும் ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணி, சர்வரு, யூபிஎஸ் எல்லாத்தயும் நிறுத்திட்டு, அப்புறம் மெயினையும் எறக்கிட்டுத்தான் பூஜை போட்டோம். நல்லா முடிஞ்சுது தம்பி."

அவர் சொன்னதும் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு பகுதிகள் உண்டு. சின்னது முதலில் போகும். அது போய்ச் சேர்ந்ததும் திரையில் நூறு என்று காட்டும். சில நிமிடங்கள் அப்படியே நிற்கும். பிறகு மீண்டும் பூஜ்யத்திலிருந்து பெரியது தொடங்கும். கணினியை இயக்கும் எல்லாமே அந்தப் பெரியதில்தான் இருக்கிறது. இந்த வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம், யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவர் அந்தச் சில நிமிடங்களைத்தான் பார்த்திருக்கிறார். அண்ணன் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க, அதற்காகவே காத்திருந்து பார்த்திருக்கிறார்.

சொன்னேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டாமென்று ஷட்டர் பூட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அப்ப உள்ள ஒண்ணும் இல்லையா?"

"பழசு அழிஞ்சுடுச்சு. புதுசு ஏறல. சர்வர்ல இமேஜ் பத்திரமா இருக்கும்கா. இப்பவே மறுபடி அனுப்ப ஆரம்பிச்சா அவங்க வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு நெனைக்கிறேன். தொறக்கச் சொல்லுங்க."

அவர் போன் செய்தார். அண்ணன் எடுத்தார். நானிருந்த இடத்துக்கு அவர் குரல் கேட்டது. "ஒம்பதரைக்கு மேலதாம்மா நல்ல நேரம். இங்க கட்டிங் மெஷினு, பாய்லரு, டிராக்டரு எல்லாம் இருக்குல்ல. ஒண்ணொண்ணா போட்டுட்டு வரேன். மறுபூஜ போடாம கை வெக்கக் கூடாதும்மா, அப்பா இருந்தப்பவே அதான். ஒரு மணி நேரத்துல என்ன ஆயிடப்போவுது?"

"அண்ணே, எல்லாம் போயிடுச்சாம்ணே. திரும்பப் போடணுமாம்."

"அதான் வந்து போட்டுக்கலாம்ங்கறேன். அவருக்கு டிபன் வாங்கிக் குடு."

அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். கூப்பிடவில்லை. பூட்டை உடைக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. யாருடைய பூட்டை யார் உடைப்பது? பிறகு அவர் எழுந்து போய் எனக்கு இட்லி வாங்கி வந்தார். தானும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். வானம் மூடியிருந்தது. மழையும் வரவில்லை.

"ஒடைச்ச பூசணிக்கா வீணாப் போச்சு தம்பி," என்றார். "திருஷ்டி போறதுக்குன்னுதான் ஒடைச்சோம்."

அண்ணன் வந்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. குளித்து, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் எலுமிச்சம்பழம். நிதானமாகத் திறந்தார், விளக்கு ஏற்றினார், ஊதுவத்தி கொளுத்தினார், முதல் கணினிக்கு முன்னால் கற்பூரம் காட்டினார். நான் ஷட்டருக்கு வெளியே நின்றேன். கற்பூரம் அணையும்வரை அக்கா கைகூப்பிக்கொண்டு, கண்ணை மூடாமல், உள்ளே இருந்த மெயின் சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப போடுப்பா," என்றார் அண்ணன்.

போட்டேன். முப்பது திரைகளிலும் ஒரே வரி வந்தது, துவக்க எதுவும் கிடைக்கவில்லை என்று. அண்ணன் அந்த வெள்ளை எழுத்துகளைப் பார்த்துவிட்டு, "என்னப்பா எல்லாம் ஒரே மாதிரி சொல்லுது?" என்றார். நான் சர்வர்ப் பக்கம் நகர்ந்தேன். சர்வர் எழுந்தது. இமேஜ் இருந்தது. ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். ஒவ்வொரு கணினியாக வந்து வரிசையில் சேர்ந்து, முப்பதும் சேர்ந்த பிறகு வாங்கத் தொடங்கின.

சின்னப் பகுதி முடிந்து எல்லாத் திரையிலும் நூறு வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பூஜ்யம் வந்தது. பெரியது தொடங்கியது.

நான் கடைசி வரிசையின் அந்த இரண்டு கணினிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவை மூச்சு வாங்குவதுபோல் ஒரு சத்தம் போடும், நிற்கும், மறுபடி போடும். அவை நிற்கும்போதெல்லாம் மற்ற எல்லாத் திரைகளிலும் எண் நின்றது. பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன்.

"முப்பது இல்லைன்னா பாக்கவே மாட்டாங்க தம்பி. வுட்டுடுங்க."

மதியச் சாப்பாட்டுக்கு யாரும் போகவில்லை. எண்கள் பாதியைத் தாண்டிய சமயத்தில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இரண்டு இளைஞர்கள். கழுத்தில் அட்டை, முதுகில் பை. ஒருவர் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினார், மற்றவர் பேசவே இல்லை, மடிக்கணினியைத் திறந்துகொண்டார்.

"மேடம், சிஸ்டம் எல்லாம் ரெடின்னு மெயில்ல போட்டிருந்தீங்க."

"ஏறிக்கிட்டிருக்குங்க சார். சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுடும். பாருங்க, எல்லாம் ஒண்ணுபோல ஓடுது. நேத்தே முடிஞ்சிருக்கணும். பூஜைன்னு நிறுத்தும்படியா ஆயிடுச்சு."

"பூஜைக்காக நிறுத்துனீங்களா?" அவர் சிரித்தார். கேலியாக அல்ல. "எங்க ஆபீஸ்லயும் சர்வருக்குப் பொட்டு வைப்போம் மேடம். ஆனா ஆஃப் பண்ண மாட்டோம்."

அக்காவும் சிரித்தார். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

"ஒரு ரெண்டு மணி நேரம் இருந்தீங்கன்னா..."

"இருட்டறதுக்குள்ள திருச்சி போய்ச் சேரணுங்க. அங்க ஒரு காலேஜ் வெயிட் பண்றாங்க. ஒண்ணும் பிரச்சன இல்ல, அடுத்த ரவுண்டுல பாக்கலாம். ஆறு மாசத்துல மறுபடி கூப்புடுவோம்."

அறையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓடும் திரைகளையும் எடுத்தார்கள். அண்ணன் அவர்களுக்குக் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வந்து கொடுத்தார். "கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க தம்பி, பொம்பளப்புள்ள கஷ்டப்பட்டு நடத்துது," என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். கார் போன பிறகு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, "சரி வுடும்மா. நீயும் முடிஞ்சவரைக்கும் பாத்துட்ட," என்றார். தங்கையின் தோளைத் தொட வந்த கை பாதியில் இறங்கிவிட்டது. பைக் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரைகளில் எண் ஓடிக்கொண்டிருந்தது.

"நிறுத்திடவாக்கா?"

"வேணாம். முடியட்டும்."

உட்கார்ந்திருந்தோம். வெளியே பலகாரக் கடையில் பாட்டுப் போட்டார்கள். அறைக்குள் யூரியா வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து ஒரு மாதிரி இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் கணினிகள் ஒவ்வொன்றாகத் தாமே அணைந்தன. கடைசியாக அந்த இரண்டும். அக்கா எழுந்து முப்பதையும் மறுபடி போட்டுப் பார்த்தார். முப்பதும் திறந்தன. ஒவ்வொன்றிலும் தேர்வு மென்பொருள், இருக்கை எண், எல்லாம் கச்சிதமாக. அவர் ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். பிறகு அணைத்துத் துணி போட்டு மூடினார்.

அடுத்த வாரம் அவர் கூப்பிட்டபோது நான் வேறு ஊருக்குக் கிளம்பும் எண்ணத்தில் இருந்தேன். கணினிகளைத் திருச்சியில் பழைய பொருள் வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார், உள்ளே உள்ளதைத் துடைத்துத் தர வேண்டும் என்றார். போனேன். துடைப்பதற்கும் ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அது ஏற்றுவதைவிட எளிது, எங்கும் நிற்காது. மதியத்துக்குள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அண்ணன் வாசலில் நின்று, "மேசையயும் கழட்டிடுவியாப்பா? நாளைக்கு மூட்ட வருது. உனக்கு இன்னைக்கு நாள் கூலி குடுத்துடறேன்," என்றார். எப்படியும் கூலிநாள்தான். சரி என்றேன். அக்காவே ஸ்குரு முடுக்கியை எடுத்து வந்து கொடுத்தார். தரையில் முடுக்கியிருந்த ஸ்குருக்கள் உறுதியாக இருந்தன, ஒன்றுகூடத் தளரவில்லை. நான் கழற்றக் கழற்ற அவர் அவற்றைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது மேசைக்கு அடியில் நான் படுத்திருந்தபோது கேட்டார்.

"தம்பி, அந்த ஸ்கிரிப்ட் எழுதறத நான் கத்துக்கிட்டா பெரம்பலூர் காலேஜ்ல என்னைய வேலைக்கு எடுப்பாங்களா?"

எடுப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம். அவரால் கற்றுக்கொள்ள முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

"எடுக்க மாட்டாங்கக்கா. என்னையே நாள் கூலிக்குத்தான் வெச்சிருக்காங்க. லீவு முடிஞ்சா என்னையும் கூப்புட மாட்டாங்க."

"அப்ப நீங்க?"

"வேற ஊரு பாக்கணும்."

"உங்களுக்கு அது முடியுது," என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல.

அடுத்த ஸ்குருவைத் திருகினேன். வெளியே அண்ணன் யாரிடமோ, ஈரம் ஏறாமல் இருக்கத் தரையில் பலகை போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கேட்டுவிட்டு உள்ளே இருந்தபடியே, "கெழக்குச் சொவத்துல ஓதம் ஏறும்ணே, அந்தப் பக்கம் மூட்ட அடுக்காத," என்று சொன்னார்.